மளிகை ரசீதில் அரசாங்கத்தைத் தேடுவது எப்படி

பட்ஜெட் தினத்தன்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் நடக்கும் பேச்சு வருடா வருடம் ஒன்றுதான். பிரதமர் வாசித்து முடித்ததும் "சரி, நம்மளுக்கு எவ்வளவு?" என்று ஒருவர் கேட்பார். இன்னொருவர், இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவைச் சொல்லி, "மித்ராவுக்கு நூறு மில்லியன்" என்பார். அப்புறம் அந்த நூறு மில்லியனை வைத்தே தே தாரிக் ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். நானும் அந்தச் சண்டையில் பல வருடம் தொண்டை கிழியக் கத்தியவன்தான். ஒருநாள் சும்மா கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025-ஆம் ஆண்டு பட்ஜெட் 421 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). அதில் 100 மில்லியன் என்றால் ஆயிரம் வெள்ளிக்கு 24 காசு. மிச்சமுள்ள 999 வெள்ளி 76 காசைப் பற்றி எங்கள் மேசையில் ஒருவரும் வாயே திறந்ததில்லை.

அந்த மிச்சப் பணமும் நம் வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, எண்ணெய் பாக்கெட்டாக, கரண்டு பில்லாக, ஒரு வெள்ளி மருத்துவமாக. அதை எப்படிப் பின்தொடர்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பழைய பிஸ்கட் டின், ஒரு கையடக்க 555 கணக்கு நோட்டு, மூன்று பேனா, ஒரு பென்சில், ஒரு மாதப் பொறுமை, இவ்வளவு போதும்.

மாதத்தின் முதல் நாளிலிருந்து கைக்கு வரும் காகிதம் எல்லாவற்றையும் டின்னில் போடுங்கள். மளிகை ரசீது, பெட்ரோல் ரசீது, கரண்டு பில், போன் பில், சம்பளச் சீட்டு, சுக்காய் பிந்து (கதவு வரி) நோட்டீஸ், எதையும் விட வேண்டாம். ரசீது தராத கடையென்றால் நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதிப் போடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நோட்டில் ஏற்றும்போது பேனாவை மாற்றுங்கள். சிவப்பு என்றால் அரசாங்கம் உங்களிடமிருந்து எடுத்தது. பச்சை என்றால் அரசாங்கம் உங்களுக்காகப் போட்டது. நீலம் என்றால் காசு எதுவும் போடாமல் உத்தரவு மட்டும் போட்டது. இந்த நீலத்தையும் பச்சையையும்தான் முக்கால்வாசிப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். பென்சில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பாக்கெட் எண்ணெயில் தொடங்குங்கள்

பச்சைப் பேனாவுக்கு முதல் வேலை ஒரு கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய். விலை 2 வெள்ளி 50 காசு. அதே அலமாரியில் போத்தலில் நிற்கும் செம்பனை எண்ணெய் கிலோ ஆறேழு வெள்ளி. உள்ளே இருப்பது ஒரே எண்ணெய்தான். போத்தலுக்கு இருந்த மானியத்தை 2016 நவம்பரில் எடுத்துவிட்டு, பாக்கெட்டுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். ஆக, பாக்கெட்டுக்கு நாலு வெள்ளி சொச்சம் என்று பச்சையில் எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் எண்ணுங்கள்: மாதத்தில் எத்தனை தடவை கேட்டீர்கள், எத்தனை தடவை கிடைத்தது?

நான் எண்ணிய மாதத்தில் ஏழு தடவை கேட்டு மூன்று தடவைதான் கிடைத்தது. கடைக்கார அக்கா கல்லாவுக்குக் கீழே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு, தெரிந்த முகமாகப் பார்த்துப் பழைய பேப்பரில் சுற்றி நீட்டுவார். "இன்னிக்கு ஒன்னுதான் தம்பி, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்பார். கஞ்சா விற்கிற மாதிரி இருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, வருகிற சரக்கு அவ்வளவுதான். இந்த பாக்கெட்டுகளுக்கு நாடு முழுவதும் மாதம் 60,000 டன் என்று ஒதுக்கீடு. ஒரு பாக்கெட் ஒரு கிலோ, ஆகவே 60 மில்லியன் பாக்கெட். மக்கள்தொகை 34 மில்லியன் என்று வைத்தால், பிறந்த குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்றே முக்கால் பாக்கெட் வர வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மாதம் எட்டுக்கு மேல். இதை ஒட்டுக்கடையில் சொன்னபோது சிரித்தார்கள்.

எங்கே போகிறது? ஒரே பொருளுக்கு இரண்டு விலை வைத்தால், மலிவான பக்கத்திலிருந்து விலை கூடிய பக்கத்துக்கு அது ஒழுகத்தான் செய்யும். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று சட்டம் இருந்தாலும் பொரிக்கிற கடைக்குப் போகிறது, எல்லையைத் தாண்டியும் போகிறது. இதனால் மானியமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அறிவித்த தொகையை எழுதாதீர்கள், உங்கள் அடுப்புக்கு வந்து சேர்ந்த தொகையை எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். என் நோட்டில் அந்த மாதம் எண்ணெய்க்குப் பச்சையில் விழுந்தது பன்னிரண்டு வெள்ளி சொச்சம், அவ்வளவே.

இதில் ஒரு வேடிக்கை. என் வீட்டுப் பின்பக்க வேலியைத் தாண்டினால் செம்பனைதான், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அந்த மரம் சிவப்புப் பேனாவிலும் வரும், பச்சையிலும் வரும். கச்சாச் செம்பனை எண்ணெய் விலை ஏறினால் அரசாங்கத்துக்கு வருமானம்: தீபகற்பத்தில் டன் 3,150 வெள்ளியைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 3 விழுக்காடு திடீர் லாப வரி, 40 ஹெக்டருக்கு மேல் உள்ள தோட்டங்களுக்கு. விலை 4,150 என்றால் டன்னுக்கு ஏறக்குறைய 30 வெள்ளி. அதே கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்தால் விலைக்குத் தகுந்த மாதிரி ஏற்றுமதி வரி, அது 10 விழுக்காடு வரை போகும். விலை ஏறிய அதே மாதத்தில் பாக்கெட் எண்ணெய்க்கான மானியச் செலவும் ஏறிவிடும். ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுப்பது என்பார்களே, அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம்.

பெயர் யாருடையது, சுமை யாருடையது

சிவப்பில் எழுதும்போது இதைக் கவனிக்காவிட்டால் நோட்டே வீண். வரி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதைச் சுமக்கிறார் என்று நினைக்காதீர்கள். என் மாமாவுக்கு மூன்று ஏக்கர் செம்பனை. ஏற்றுமதி வரிக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவர் சத்தியம் செய்வார், ஒரு டன் எண்ணெய்கூட அவர் கப்பல் ஏற்றியதில்லையே. ஆனால் ஏற்றுமதி வரி இருக்கும்போது உள்நாட்டில் கச்சா எண்ணெய்க்குக் கிடைக்கும் விலை அந்த அளவுக்கு இறங்கி நிற்கும். ஆலை அதைப் பார்த்துத்தான் குலைக்கு விலை போடும், ஆலையைப் பார்த்துத்தான் லாரி வைத்திருக்கிற தவுக்கே (வியாபாரி) மாமாவுக்கு விலை சொல்வார். வரியின் ஒரு பங்கு மாமாவின் குலைச் சீட்டில் எழுதப்படாமலே கழிந்துவிட்டது. உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு மட்டும் மலிவான மூலப்பொருள். யாருக்கு லாபம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பார்க்க டீசல் நல்ல உதாரணம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2 வெள்ளி 15 காசிலிருந்து ஒரே இரவில் 3 வெள்ளி 35 காசாக ஏறியது. அந்த வாரமே எங்கள் பக்கத்துக் காய்கறி லாரி கீரைக் கட்டுக்கு 50 காசு கூட்டியது. கேட்டால் "டீசல் ஏறிடுச்சுல்ல". தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு டீசல் அட்டை கொடுத்து, பழைய 2 வெள்ளி 15 காசிலேயே நிரப்பிக்கொள்ள அனுமதித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால் இப்போதெல்லாம் யாராவது மானியம் போச்சு, விலை ஏத்திட்டோம் என்றால், "உங்க லாரிக்கு டீசல் அட்டை இருக்கா அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். சிலர் உண்மையிலேயே அட்டை கிடைக்காதவர்கள், அவர்களுக்கு ஏற்றுவதைத் தவிர வழியில்லை. சிலர் பேச்சை மாற்றுவார்கள். என்னிடம் ஒருவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கண்ணுக்குத் தெரியாத சிவப்பு

"நான் வரியே கட்டுறதில்ல" என்று அடித்துச் சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம். சம்பளச் சீட்டை வைத்துப் பார்த்தால் உண்மைதான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, வருடத்துக்கு 20,400. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் (சேமநிதி) 2,244 போனால் மிச்சம் 9,156. முதல் 5,000-க்கு வரி இல்லை, அடுத்த 4,156-க்கு ஒரு விழுக்காடு, 41 வெள்ளி 56 காசு. அதற்கும் 400 வெள்ளி வரை தள்ளுபடி இருப்பதால் கடைசியில் பூஜ்யம். இபிஎஃப் பிடித்ததைச் சிவப்பில் எழுதிவிடாதீர்கள், அது உங்கள் பணம், வேறு சட்டைப்பையில் இருக்கிறது.

ஆனால் வருமான வரி இல்லை என்றால் வரியே இல்லை என்று ஆகாது. 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ரசீதின் அடியிலும் 6 விழுக்காடு என்று அச்சடித்து வந்தது, தினமும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தோம். 2018 ஜூனில் அதைப் பூஜ்யமாக்கி, செப்டம்பரில் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டியைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதில் விற்பனை வரியைத் தொழிற்சாலையிலேயே அல்லது இறக்குமதி செய்யும் இடத்திலேயே 5 அல்லது 10 விழுக்காடு என்று வாங்கிக்கொள்வார்கள். கடைக்கு வரும்போது அது விலைக்குள் கரைந்து போயிருக்கும், ரசீதில் ஒரு வரிகூட இருக்காது. கண்ணில் பட்ட வரிக்கு ஆட்சியே மாறியது, கண்ணில் படாததைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம். எந்த வரி நல்லது என்பதில் பொருளாதாரம் படித்தவர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்கு ரசீதில் தெரிகிற வரிதான் பிடிக்கும், திட்டுவதற்காவது வசதியாக இருக்கும்.

இந்த மறைவான சிவப்பைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது, ஒரு கேள்விக்குறி போட்டு எழுதுங்கள். அரிசி, காய்கறி, மீன் போன்ற அத்தியாவசியப் பொருள்களில் இருக்காது, பெயின்ட், மின்விசிறி போன்றவற்றில் இருக்கும். போன் பில்லில் 6 விழுக்காடு சேவை வரி வெளிப்படையாகவே இருக்கும். ஒட்டுக்கடையில் இருக்காது, ஏனென்றால் சாப்பாட்டுக் கடைகளில் வருட விற்பனை ஒன்றரை மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் அந்த வரி. கரண்டு பில்லில் 600 யூனிட்டைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 8 விழுக்காடு. ஏர்கோன் ஓடாத வீடாக இருந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும். வசதிக்குத் தகுந்த மாதிரி வரி போடுவதற்கு இது நல்ல மாதிரி.

சிகரெட் பிடிப்பவர்கள் அந்தப் பெட்டியையும் டின்னில் போடுங்கள். 2015 நவம்பரில் கலால் வரியை ஒரே தாவாகக் கூட்டி குச்சிக்கு 40 காசு ஆக்கினார்கள். அதற்குப் பிந்திய வருடங்களில் நாட்டில் விற்ற சிகரெட்டில் பாதிக்கு மேல் வரி கட்டாத கள்ளச் சிகரெட். வரியைக் கூட்டினால் புகை குறையும் என்பது உண்மை, எல்லையையும் துறைமுகத்தையும் காக்காமல் கூட்டினால் கடை மாறும் என்பதும் உண்மை. கள்ளச் சிகரெட் பெட்டிக்கு எந்தப் பேனா என்று கேட்காதீர்கள்.

நீலம்: தீபாவளி வெங்காயம்

ஒவ்வொரு தீபாவளிக்கும் வெங்காயம், தேங்காய், பருப்பு என்று சில சாமான்களுக்கு அதிகபட்ச விலை அறிவிப்பார்கள். அரசாங்கம் இதில் காசு போடுவதில்லை, வியாபாரியைப் பார்த்து இதற்கு மேல் விற்காதே என்கிறது. சந்தை விலை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் உத்தரவு சும்மா காகிதம். மேலே இருந்தால் யாரோ ஒருவர் நட்டத்தைத் தாங்க வேண்டும், அல்லது சரக்கு வராது, அல்லது பொடி வெங்காயமாகவும் முளைவிட்டதாகவும் வரும். ஆகவே நீலத்தில் எழுதும்போது விலையோடு தரத்தையும் எழுதுங்கள். கோழிக்கு 2022-இல் நடந்ததைப் பாருங்கள்: கிலோ 9 வெள்ளி 40 காசு என்று உச்சவரம்பு, கூடவே பண்ணைக்காரர்களுக்கு மானியம், அதோடு ஏற்றுமதிக்கும் தடை, ஒன்றைத் தாங்க இன்னொன்று முட்டுக்கொடுத்து நின்றது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி கோழிக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், 2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி முட்டைக்கு இருந்ததையும்.

பென்சில் எதற்கு

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் எங்களுக்கு அரசாங்கம் என்றால் தோட்டத்து ஆபீஸ்தான். லயத்து வீடு, தண்ணீர்க் குழாய், ஆயாக் கொட்டகை, காய்ச்சலுக்கு டிரஸ்ஸர், கோயில் திருவிழாவுக்கு லாரி, எல்லாம் அங்கிருந்துதான். இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. வீட்டு வசதிக்கு முதலாளிதான் பொறுப்பு என்று 1990-இல் தனிச் சட்டமே இருக்கிறது. தோட்டத்து கேட்டுக்கு உள்ளே தனியார் நிலம், ஆகவே அரசாங்கத்தின் தாரும் விளக்கும் கேட்டோடு நின்றுவிடும். தோட்டத்து நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகளில் பல இன்றும் அரசாங்கத்தின் முழு உதவி கிடைக்காத பகுதி உதவிப் பள்ளிகளாக இருப்பதற்கும் இந்த நிலக் கதைதான் காரணம்.

தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்த முதல் வருடம் சுக்காய் பிந்து நோட்டீஸ் வந்தது. பெயரைக் கேட்டதும் அம்மா, "நம்ம கதவுக்கு நாம எதுக்குடா காசு கட்டணும்?" என்று கேட்டார். அப்பா கதவைத் தட்டிப் பார்த்தார், சத்தியமாக.

அம்மாவுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். சுக்காய் பிந்து நகராண்மைக் கழகத்துக்கு, வருடம் இரண்டு தடவை, பிப்ரவரிக் கடைசியிலும் ஆகஸ்டு கடைசியிலும். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு அந்தக் கணக்கு. சுக்காய் தானா, அதாவது நில வரி, மாநிலத்துக்கு. வருமான வரி, எஸ்எஸ்டி, எண்ணெய் மானியம், பள்ளி, மருத்துவமனை எல்லாம் மத்திய அரசான கூட்டரசுக்கு. எதில் குறை இருக்கிறதோ அந்தக் கணக்குக்காரரிடம் போக வேண்டும், குப்பை லாரி வராததற்குப் பிரதமரைத் திட்டிப் பயனில்லை. ஆனால் இங்கே ஒரு ஓட்டை. உள்ளூராட்சித் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள், திரும்ப வரவே இல்லை. எந்தக் கழகத்துக்குக் கதவு வரி கட்டுகிறோமோ அதன் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க மட்டும் நமக்கு ஓட்டு கிடையாது.

ரசீதே இல்லாமல் வருவதைப் பச்சையில் எழுதப் பழகுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினீர்கள், அதே மருந்தைத் தனியார் கிளினிக்கில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள வீடுகளில் எண்ணெய், பெட்ரோல், உதவித்தொகை எல்லாவற்றையும் விட இந்த ஓர் எண்தான் பெரிதாக நிற்கும். என் அம்மா கணக்கில் அப்படித்தான் இருக்கிறது. வர வேண்டியது வரவில்லை என்றால் அதைப் பென்சிலால் எழுதுங்கள்: அணைந்து கிடக்கும் விளக்குக் கம்பம், பாதியில் வராமல் போன பஸ், கிளினிக்கில் காத்திருந்த நாலு மணி நேரத்தில் போன அரை நாள் சம்பளம். வரிசையில் நிற்பதும் ஒரு விலைதான்.

இப்போது பட்ஜெட்டைத் திறக்கலாம்

நோட்டு நிரம்பிய பிறகு அந்தத் தடித்த ஆவணம் பயமுறுத்தாது. மூன்று எண் போதும். 2024 அக்டோபர் 18-ஆம் தேதி பிரதமர் அன்வார் தாக்கல் செய்த 2025 பட்ஜெட்டையே எடுங்கள். எதிர்பார்த்த வருமானம் 339.7 பில்லியன். சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று நடப்புச் செலவு 335 பில்லியன். வந்தது வயிற்றுக்கே சரியாகப் போய்விட்டது. பள்ளி கட்ட, ரோடு போட வைத்திருக்கும் மேம்பாட்டுச் செலவு 86 பில்லியன் பெரும்பாலும் கடன். தவுக்கே கடையில் 555 நோட்டில் எழுதி வாங்குகிற அதே கதை, வீட்டைப் பழுதுபார்க்க வாங்கினால் பரவாயில்லை, தினமும் சாப்பிட வாங்கினால் ஆபத்து. மூன்றாவது எண் வட்டி, 54.7 பில்லியன். வருகிற நூறு வெள்ளியில் 16 வெள்ளி பழைய கடனின் வட்டிக்கே போகிறது. பற்றாக்குறையை நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2023-இல் சட்டம் போட்டார்கள். டீசல், முட்டை மானியங்கள் போனதற்குப் பின்னால் அந்தச் சட்டமும் நிற்கிறது.

கடைசி வேலை, நோட்டை அடுத்த வீட்டு நோட்டோடு ஒப்பிடுவது. தனியாகப் பார்த்தால் எல்லோருக்கும் தன் வீடு மட்டும்தான் ஏமாந்த மாதிரி தெரியும். 2025 செப்டம்பர் 30-இல் பூடி 95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் வந்தபோது, மைகார்டும் (அடையாள அட்டையும்) லைசென்சும் உள்ள குடிமக்களுக்குப் பெட்ரோல் 1 வெள்ளி 99 காசு, மானியமில்லா விலை 2 வெள்ளி 60 காசு, மாதம் 300 லிட்டர் வரை. லிட்டருக்கு 61 காசு பச்சை. எங்கள் வரிசையில் மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர், 18 வெள்ளி 30 காசு. இரண்டு கார் நிற்கும் மூலை வீட்டுக்கு 200 லிட்டர், 122 வெள்ளி. தோட்டத்தில் இன்னும் சைக்கிளில் போகும் மாமாவுக்கு ஒன்றும் இல்லை.

ஒட்டுக்கடையில் "இலவசம் குடுத்துக் குடுத்து ஜனங்களைக் கெடுத்துட்டாங்க" என்று மேசையைத் தட்டுபவர் அந்த மூலை வீட்டுக்காரர்தான். நோட்டை அவரிடம் இன்னும் காட்டவில்லை. அடுத்த பட்ஜெட் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிவி போடும்போது எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.